ஓர் அரிசி நீளம்

வேனின் இரும்புப் பெஞ்சில் இடது தொடையில் மட்டும் பாரத்தைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். வலது பக்கம் பெஞ்சைத் தொடாமல் நிற்கிறது. பார்க்கிறவர்களுக்கு ஜன்னல் கம்பியில் சாய்ந்து ரோட்டை வேடிக்கை பார்ப்பது போலத் தெரியும். தெரியட்டும். லத்தியை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் ஊன்றி அதன் தலையில் மோவாயை வைத்திருக்கிறேன், பல்லை இறுக்குவதற்கு ஏதாவது ஒரு பிடிமானம் வேண்டுமே. வெயில் வேனின் கூரையில் ஏறி உட்கார்ந்து அடிக்கிறது. காலையில் நடந்தது இன்னும் முடியவில்லை. இந்த வலியின் குணமே அதுதான். வெளிக்குப் போகும்போது உடைந்த கண்ணாடியைப் பிரசவிக்கிற மாதிரி இருக்கும், சரி, அது கொஞ்ச நேரம், வாயில் துண்டைத் திணித்துக்கொண்டால் கடந்துவிடலாம். அதற்குப் பிறகுதான் அது நிதானமாக வேலையைத் தொடங்குகிறது. உள்ளே ஒரு கை முஷ்டியாக இறுகும். இறுகி, அந்த இறுக்கத்துக்குள் மிளகாயை வைத்துத் தேய்க்கும். நான் விடு விடு என்று கெஞ்சினால் இன்னும் இறுகும். மத்தியானம் வரைக்கும், சில நாள் பொழுது சாயும் வரைக்கும். ஷைனியைப் பெற்றபோதுகூட நான் இப்படிக் கத்தவில்லை. இன்றைக்குக் காலையில் "அம்மா" என்று ஒரு சத்தம் வந்தது பாருங்கள், அது என் குரலே இல்லை, அறுக்கப்போகிற ஆட்டின் குரல். கக்கூஸின் வெள்ளை ஓட்டில் ரத்தம், சிவப்பாக, புத்தம் புதுசாக, குங்குமத்தைக் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டது போல. குழாயைத் திறந்துவிட்டு அதை விரட்டினேன். கதவைத் தட்டினார் செல்வின். என் வீட்டுக்காரர். பிள்ளைக்கு ஸ்கூல் வேன் வந்துவிட்டது, இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டார், வேறொன்றும் கேட்கவில்லை. வெளியே வந்து, அடுப்படி மேடையில் எனக்காக ஆற்றி வைத்திருந்த காப்பியை டம்ளரோடு எடுத்து எறிந்தேன். அவர் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் விழுந்தது. ஷைனி ஒரு காலில் ஷூவோடு நின்றாள், இன்னொரு ஷூ கையில். செல்வின் துணியை எடுத்துச் சுவரைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே, திரும்பாமல், "என்னட்டி ஆச்சு ஒனக்கு" என்றார். அடிக்கிற மாதிரிக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். தணிந்த குரலில் கேட்டார். நான் தொப்பியை எடுத்துக்கொண்டு படியிறங்கி வந்துவிட்டேன், ஒவ்வொரு படியும் ஒரு குத்து.

ஊருக்கு ரோடு பிரிகிற தோணிக்குளம் விலக்கில் வேனை நிறுத்தியிருக்கிறார்கள். ரோட்டுக்கு வடக்கே ஒரு தெரு, தெற்கே ஒரு தெரு, நடுவில் ஒரு கொடிக்கம்பம். யாரோ ராத்திரியோடு ராத்திரியாகக் கம்பத்தை அறுத்துப் போட்டுவிட்டார்கள். வடக்குத் தெருக்காரர்கள் இன்றைக்குப் புதுக் கம்பத்தோடு ஊர்வலமாக வருகிறார்கள், தெற்குத் தெருக்காரர்கள் வரட்டும் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறார்கள். இதற்குத்தான் நாங்கள். இன்ஸ்பெக்டர் வேதமாணிக்கம் காலையிலேயே சொல்லிவிட்டார், யாரும் வேனை விட்டு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகரக் கூடாது, எந்த நேரமும் கூப்பிடுவேன் என்று. நகர்ந்து எங்கே போவது. சுற்றிலும் உடைமுள் மரமும் வெட்டவெளியும். ஆண் போலீஸ்காரர்கள் வேனுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டு வருகிறார்கள், ஜிப்பை இழுத்துக்கொண்டே சிரித்துப் பேசுகிறார்கள், அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஹெல்மெட்டைக் கழற்றி அவர்கள் முகத்தில் அடிக்க வேண்டும் போல இருக்கிறது. போன கோடையில் ஒரு கோயில் கொடைக்குப் பந்தோபஸ்து. தாங்க முடியாமல் ஒரு முள்மரத்துக்குப் பின்னால் போய் ஒதுங்கினேன். எழுந்து பார்த்தால் எதிர்த்த மாடியில் இரண்டு பேர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். என்ன எடுத்தார்கள், எடுத்தார்களா, ஒன்றும் தெரியாது. அன்றிலிருந்து டியூட்டி நாளில் தண்ணீர் குடிப்பதில்லை. காலையில் வேனில் ஏறினால் இருட்டிய பிறகு இறங்குவது வரைக்கும் உதட்டை நனைப்பதோடு சரி. வந்தாலும் அடக்கிவிடுவேன். அடக்கப் பழகிவிட்டால் அது கல்லாகிவிடுகிறது. ஒருநாள் அந்தக் கல் என்னைக் கிழித்தது. ஒருமுறை கிழிந்த பிறகு போவதற்கே பயம், பயத்தில் இன்னும் அடக்குவது, அடக்கினால் இன்னும் கல், கல்லானால் மறுபடி கிழிசல். இந்த வட்டத்தை யோசித்துக்கொண்டே போனால் தலை சுற்றுகிறது, எங்கே வெட்டி வெளியே வருவது என்று தெரியவில்லை. பக்கத்தில் தங்கபுஷ்பம் அக்கா, எங்கள் தலைமைக் காவலர், ஓய்வுக்குக் கொஞ்ச வருஷம்தான் பாக்கி, கடலை உரித்துத் தின்றுகொண்டிருக்கிறாள். ஒரு கை நிறைய நீட்டினாள். வேண்டாம் என்றேன். "எதாவது தின்னுட்டி, மூஞ்சி வெளுத்துக் கெடக்கு" என்றாள். தின்றால் அது நாளைக்கு வெளியே வர வேண்டும். சோற்றைப் பார்த்தால் எனக்கு இப்போது சோறு தெரிவதில்லை, நாளைக் காலை தெரிகிறது. இட்லியைப் பார்த்தால் நாளைக் காலை. முருங்கைக் கீரையைப் பார்த்தால் நாளைக் காலை. வேன் பக்கத்தில் லாரி ஒன்று போனது, பெஞ்சு அதிர்ந்தது, அந்த அதிர்ச்சி நேராக அங்கே போய்க் குத்திவிட்டு முதுகெலும்பு வழியாக மேலேறிக் கண்ணுக்குப் பின்னால் வந்து நின்றது. லாரிக்காரனை இறக்கி, அவன் கழுத்தில் பூட்ஸை வைத்து, வேண்டாம், கனி, வேண்டாம், மூச்சு விடு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

ராஜாத்தி சித்தி. அவளை நினைக்கக் கூடாது என்றுதான் ஒவ்வொரு நாளும் தொடங்குகிறேன். ஓட்டில் அந்தச் சிவப்பைப் பார்த்ததும் அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். அம்மாவின் தங்கை. பீடி சுற்றுகிறவள், பகல் முழுக்கச் சம்மணம் போட்டு உட்கார்ந்து மடியில் முறத்தை வைத்துச் சுற்றுவாள். அவளுக்கும் ரத்தம் போனது. மூலம் என்று எல்லோரும் சொன்னார்கள், உட்கார்ந்தே வேலை செய்கிறவளுக்கு மூலம் வராமல் என்ன வரும் என்று. பஸ் ஸ்டாண்டு பின்னால் மாடியில் ஒரு வைத்தியர், கத்தியில்லை ரத்தமில்லை என்று பெரிதாகப் போர்டு, அங்கேதான் கூட்டிப் போனோம். நானும் கூடப் போனேன், அப்போது எனக்குப் போலீஸ் வேலை கிடைக்கவில்லை. அந்த ஆள் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. ஊசியில் எதையோ ஏற்றி அங்கே குத்தினான். திரைக்குப் பின்னாலிருந்து சித்தி கத்திய கத்தலில் வெளியே உட்கார்ந்திருந்த ஆம்பிளைகள் எழுந்து போய்விட்டார்கள். வெந்து புண்ணானது. அவன் அது நல்லதுக்குத்தான், கெட்டது வெளியேறுகிறது என்றான். மறுபடி கூட்டிப் போனோம். மறுபடி குத்தினான். அவள் ஒருநாள் படியில் உட்கார்ந்துகொண்டு, என்னை விட்டுருங்கம்மா, நான் செத்தாலும் பரவாயில்ல என்று அழுதாள், நான்தான் கையைப் பிடித்து ஏற்றினேன். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் கையுறை போட்டு ஒரே ஒருமுறை விரலால் பார்த்தார். பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். இவ்வளவு நாளாக யாருமே விரல் வைத்துப் பார்க்கலையா என்று கேட்டார். மலக்குடல் புற்று, கல்லீரல் வரைக்கும் போய்விட்டது. சித்தி சாகும்போது முப்பத்தெட்டு கிலோதான் இருந்தாள். எனக்கும் இப்போது ரத்தம். சித்திக்கு வலி இருந்ததா முதலில்? இருந்ததா இல்லையா? ஞாபகப்படுத்திப் பார்க்கிறேன், ரத்தம் போகிறது என்றாள், வலிக்கிறது என்று சொன்னாளா, வைத்தியன் குத்திய பிறகுதான் வலி என்றாளா. இதைக் கேட்க இனி யாரிடம் போவது. அவளிடம்தான் கேட்டிருக்க வேண்டும். செல்வினிடம் சொல்லலாம். சொன்னால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார். கூட்டிப் போனால் கையுறை போட்ட ஒருவர் ஜன்னல் பக்கம் திரும்பி நிற்பார். அதனால் சொல்லவில்லை. மருந்துக் கடையில் மட்டும் ஒருமுறை கேட்டேன், யூனிபாரம் இல்லாமல், சேலை கட்டி, முக்காடு போட்டுக்கொண்டு. மூல நோய்க்கு ஏதாவது களிம்பு என்று மெதுவாகச் சொன்னேன். அவர் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, உள் மூலமா வெளி மூலமா என்றார். ரோட்டில் நின்று எவனெவனையோ அதட்டுகிறவள் நான். அங்கே முக்காட்டை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டேன். எதையோ கொடுத்தார், தடவினேன், எரிந்தது, இன்னும் எரிந்தது, தூக்கி எறிந்தேன்.

கொட்டுச் சத்தம். வந்துவிட்டார்கள். இறங்கு இறங்கு என்று எஸ்.ஐ. வேனின் தகரத்தைத் தட்டுகிறார். இறங்குவதற்கு ஒரு காலைக் கீழே வைக்கும்போது அந்த இடம் விரிகிறது, அப்படியே நின்றுவிட்டேன், பின்னாலிருந்து யாரோ முதுகில் தள்ளினார்கள், குதித்தேன். குதித்த வேகத்தில் கண்ணில் தண்ணீர். கேடயத்தைத் தூக்கி வரிசையில் நின்றேன். வடக்கிலிருந்து வருகிறார்கள், புதுக் கம்பத்தைப் பிணத்தைத் தூக்குவது போலத் தோளில் வைத்து, முன்னால் பெண்கள், பின்னால் ஆம்பிளைகள். தெற்கே சத்தமே இல்லை, அந்த அமைதிதான் பயம். இன்ஸ்பெக்டர் மைக்கில் ஏதோ சொல்கிறார், கொட்டு அதை விழுங்குகிறது. உள்ளே முஷ்டி இறுகுகிறது. எனக்கு இரண்டு சண்டை, ஒன்று ரோட்டில், ஒன்று எனக்குள், ரோட்டில் நடப்பது சீக்கிரம் தொடங்கினால் நல்லது என்று தோன்றியது, ஆமாம், அப்படித்தான் தோன்றியது, எவனாவது ஒரு கல்லை எறியுங்களேன் என்று. எறிந்தார்கள். ஒரு கல், ஒரு சோடா பாட்டில், பிறகு மழை. பெண்கள் சிதறினார்கள். தெற்கிலிருந்து கட்டையோடு ஓடி வந்தார்கள். கேடயத்தில் டமார் டமார் என்று விழுகிறது. என் முன்னால் பச்சைச் சேலைக்காரி ஒருத்தி விழுந்தாள், நீலக் கட்டம் போட்ட கைலிக்காரன் அவள் முடியைக் கையில் சுற்றிக்கொண்டு தரையில் இழுத்துப் போகிறான், அவள் குதிகால்கள் மண்ணில் கோடு போடுகின்றன. அடித்தேன். முதல் அடி அவன் கையில், முடியை விட்டான். அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். இரண்டாவது முட்டியில், சரிந்தான். அவன் குப்புற விழுந்த பிறகு தொடையில் அடித்தேன், இடுப்புக்குக் கீழே அடித்தேன், அங்கேயே, அங்கேயே, கை தானாகப் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் எனக்கும் உள்ளே கிழிந்தது, கிழிய கிழிய இன்னும் ஓங்கினேன். அந்த மருந்துக் கடைக்காரனை அடித்தேன். கத்தியில்லை ரத்தமில்லை என்று போர்டு வைத்தவனை அடித்தேன். மாடியில் போனைப் பிடித்துக்கொண்டு நின்ற இரண்டு பேரையும் அடித்தேன். சிரித்துக்கொண்டே ஜிப்பை இழுத்தவர்களை அடித்தேன். வெள்ளை ஓட்டை, குழாயை, நாளைக் காலையை. அவன் "அம்மா" என்றான். கை அந்தரத்தில் நின்றுவிட்டது. அந்தச் சத்தம். இன்றைக்குக் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு நான் போட்ட சத்தம், அதே ஆடு. தங்கபுஷ்பம் அக்கா என் பெல்ட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள், "போதும்ட்டி, செத்துருவான்" என்று காதுக்குள் சொன்னாள். நான் ஹெல்மெட் கண்ணாடியை ஏற்றிவிட்டு அவனைப் பார்த்தேன். என் வயசுதான் இருக்கும். அப்போதுதான் கல் வந்து நெற்றியில் விழுந்தது.

அரசு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு. டெட்டால் வாடை, மின்விசிறிச் சத்தம். நெற்றியிலிருந்து ரத்தம் இமையில் வழிந்து சட்டைக் காலரை நனைத்திருக்கிறது, எல்லோரும் வழி விடுகிறார்கள், பாவம் என்கிறார்கள், ஒரு கிழவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். இந்த ரத்தத்துக்குக் கும்பிடு. காலையில் வந்த ரத்தத்தைக் குழாய்த் தண்ணீரால் விரட்டினேன். இரண்டும் என் ரத்தம்தான். டியூட்டி டாக்டர் ஒரு சின்னப் பெண், நஸ்ரின் என்று கோட்டில் பெயர், தூக்கமில்லாத கண். தையல் போட்டாள். மரத்துப்போக ஊசி போடுவதாகச் சொன்னாள், போட்டாளா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. கொக்கி ஊசி தோலுக்குள் போய் வருகிறது, நூல் இழுபடுகிறது, அதெல்லாம் வேறு யாருக்கோ நடக்கிறது. கட்டிலின் விளிம்பில் நான் இடது தொடையில் உட்கார்ந்திருப்பதை அவள் பார்த்துக்கொண்டே தைத்தாள். இடுப்பிலும் அடி பட்டதா, நேராகப் படுங்கள் பார்ப்போம் என்றாள். இல்லை என்றேன். எதிரே தள்ளுவண்டியில் நீலக் கட்டம் போட்ட கைலிக்காரன். குப்புறப் படுத்திருக்கிறான். அவனால் மல்லாந்து படுக்க முடியாது, உட்காரவும் முடியாது, இன்னும் எத்தனையோ நாளைக்கு ஒவ்வொரு காலையிலும் அவன் உட்காரும்போது, உட்காரும்போதெல்லாம். பச்சைச் சேலைக்காரியின் முடியைப் பிடித்து இழுத்தவன். தெரியும். முடியை விட்ட பிறகும் நான் அடித்த அடிகள் அவளுக்காக இல்லை, அதுவும் எனக்குத் தெரியும். முகத்தை இந்தப் பக்கம் வைத்திருந்தவன் என்னைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டு, கழுத்தை மட்டும் மெதுவாக அந்தப் பக்கம் திருப்பினான். வைது தீர்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் பயம். என்னைப் பார்த்து ஒரு மனுசனுக்கு அப்படி ஒரு பயம். காலையில் ஷைனி ஒற்றை ஷூவோடு நின்றாளே, அவள் கண்ணிலும் அதுதான் இருந்ததா. இப்படியே போனால் அடுத்து டம்ளர் யார் மேல் விழும். டாக்டர் கடைசித் தையலை முடிச்சுப் போட்டு நூலை நறுக்கினாள். அவ்வளவுதான், வலி தெரியுதா என்று கேட்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், கையுறை ஈரமாக இருந்தது.

"இங்க வலி இல்லம்மா. வேற ஒரு எடத்துல வலிக்கு. ரத்தமும் போகுது. எங்க சித்தி அதுலதான் செத்தா."

அவள் எந்த இடம் என்று கேட்கவில்லை. தங்கபுஷ்பம் அக்காவை வெளியே நிற்கச் சொன்னாள், பச்சைத் திரையை இழுத்து மூடினாள், விளக்கைத் தாழ்த்திப் பிடித்தாள். இடது பக்கமாகச் சாய்ந்து, முழங்காலை நெஞ்சோடு மடக்கிப் படுக்கச் சொன்னாள். படுத்தேன். எத்தனை பேரை லாக்கப்பில் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொல்லியிருக்கிறேன், இப்போது நான் சுவரைப் பார்த்துக் கிடக்கிறேன். சுவரில் பெயின்ட் உரிந்து ஒரு தேசப் படம் மாதிரி. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள், போகும்போது வலியா போன பிறகா, ரத்தம் கலந்து வருகிறதா தனியாகச் சொட்டுகிறதா, காய்ச்சல் உண்டா, கட்டி மாதிரி ஏதாவது கைக்குப் படுகிறதா, எடை குறைந்ததா, எதைச் செய்தாலும் சொல்லிவிட்டுத்தான் செய்வேன் என்றாள். நான் பதில் சொன்னேன், இவ்வளவு நாளும் என் வாய் சொல்லாத வார்த்தைகள், ஒவ்வொன்றாக வெளியே வந்து விழுந்தன, யாரும் சிரிக்கவில்லை. இப்போது தொடப்போகிறேன், பக்கவாட்டில் மட்டும் என்றாள். இரண்டு விரலால் மெதுவாக விலக்கினாள். உயிர் போனது. விளக்கின் சூடு பட்டது. நான் அவள் மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்தேன். இப்போது ஜன்னல் பக்கம் திரும்புவாள். இப்போது திரும்புவாள். ஷைனிக்குத் தலை பின்னிவிட யார் இருக்கிறார்கள், செல்வினுக்கு வகிடுகூட எடுக்கத் தெரியாதே.

"வெடிப்பு," என்றாள். "ஒரு அரிசி நீளம்தான் இருக்கும். இது புற்று இல்ல."

அரிசி நீளம். ஓர் அரிசி நீளத்துக்கு ஒரு கிழிசல், அது என்னை இத்தனை நாள் ஆட்டிப் படைத்ததா என்று நம்ப முடியாமல் திரும்பத் திரும்பக் கேட்டேன். அவள் கையுறையைக் கழற்றிவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டு என் முகத்துக்கு நேராக உட்கார்ந்துகொண்டாள். கல்லாகப் போனதில் தோல் கிழிந்திருக்கிறது, கிழிந்த வலியில் கீழே இருக்கிற தசை பயந்துபோய் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது, இறுக்கினால் அங்கே ரத்த ஓட்டம் குறையும், ரத்தம் வராவிட்டால் கிழிசல் எப்படி ஆறும் என்றாள். அந்த முஷ்டிக்கு ஒரு காரணம் இருந்தது. மூலமாக இருந்தால் பெரும்பாலும் வலி இருக்காது, ரத்தம் மட்டும் வரும், உள்ளே ரத்தம் கட்டிக்கொண்டால்தான் வலிக்கும். சீழ்க்கட்டியாக இருந்தால் விண்விண் என்று தெறிக்கும், காய்ச்சல் வரும், அதை உடனே கீறி விட வேண்டும், விட்டால் புரையோடிப் பவுத்திரமாகிவிடும். எனக்கு அதெல்லாம் இல்லை. தினமும் இரண்டு மூன்று தடவை, போய்விட்டு வந்த பிறகு கட்டாயம், அகலமான பேசினில் வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார வேண்டும், தசை விட்டுக்கொடுக்கும். தசையைத் தளர்த்துகிற களிம்பு ஒன்று, மலத்தை இளக்குகிற மருந்து ஒன்று, கீரை, பழம், தண்ணீர். சில வாரத்தில் ஆறிவிடும், ஆறாவிட்டால் சின்ன ஆபரேஷன், அதற்கும் பயப்பட ஒன்றுமில்லை. சித்தியின் கதையையும் அவள் தள்ளிவிடவில்லை. புண் ஆறின பிறகு உள்ளே குழாய் விட்டு ஒருமுறை பார்த்துவிடுவோம், ரத்தம் என்றால் பார்க்காமல் விடக் கூடாது என்றாள். கடைசியாக, வந்தால் அடக்கக் கூடாது, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அங்கே வலித்தது, வலிக்க வலிக்கச் சிரித்தேன், அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. வேனைப் பற்றிச் சொன்னேன். முள்மரத்தைப் பற்றிச் சொன்னேன். மாடியில் நின்ற இரண்டு பேரைப் பற்றிச் சொல்லும்போது சிரிப்பு நின்றுவிட்டது.

திரைக்கு வெளியே பூட்ஸ் சத்தம், இன்ஸ்பெக்டர் வேதமாணிக்கத்தின் சத்தம். கூடவே செய்தியாளர் ஒருவர், கழுத்தில் அட்டை, கையில் போன். நான் எழுந்து சட்டையை இழுத்துவிட்டு, கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உட்காரும்மா உட்காரும்மா என்றார். கலவரத்தில் ஒரு பெண்ணைக் காப்பாற்றி நெற்றியில் கல்லடி பட்ட பெண் காவலர் என்று அவரே செய்தியாளரிடம் சொல்லிக்கொண்டிருந்தார், எஸ்.பி. ஐயாவே போனில் விசாரித்ததாகச் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. போன தடவை ஷைனிக்கு மஞ்சள் காமாலை வந்தபோது கேட்டதும் லீவு கொடுத்தவர். செய்தியாளர் போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்தார். அந்தப் போனைப் பார்த்ததும் கை லத்தியைத் தேடியது, லத்தி தோணிக்குளத்திலேயே விழுந்துவிட்டது, நல்லது. தையல் போட்ட இடம் ரொம்ப வலிக்குதாம்மா என்றார் இன்ஸ்பெக்டர். இல்லை சார் என்று சொல்லிவிட்டுச் சல்யூட் அடித்தால் முடிந்தது. படம் வரும். செல்வின் அதை வெட்டி வைப்பார். நாளைக் காலை வெள்ளை ஓட்டில் உட்காருவேன், நாளை மறுநாள் வேனில் ஏறுவேன், உதட்டை மட்டும் நனைத்துக்கொள்வேன். எதிரே அவன் குப்புறக் கிடக்கிறான்.

"தலையில வலி இல்ல சார். எனக்கு ஆசனவாயில வெடிப்பு. டாக்டர் இப்பதான் பாத்தாங்க. பந்தோபஸ்துக்கு வந்தா எங்களுக்கு ஒதுங்க எடம் இல்ல, அடக்கி அடக்கி வந்தது. வேனுக்குப் பின்னால நீங்க எல்லாரும் போறீங்க சார். நாங்க எங்க போக?"

செய்தியாளர் போனை இறக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இன்ஸ்பெக்டரின் முகம் முதலில் கறுத்தது, பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் தொப்பியைக் கழற்றி, உள்பக்கத்தைப் பார்த்து, மறுபடி போட்டுக்கொண்டார். அதட்டுவார் என்று காத்திருந்தேன். அடிக்க வந்தால் அடிப்பேன் என்றுகூட ஒரு நொடி உடம்பு தயாரானது. அவர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் நேராக அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரெஸ்ட் எடும்மா என்று தரையைப் பார்த்துச் சொன்னார், நாளைக்கு நடமாடும் கழிப்பறை வண்டிக்கு மேலே கேட்டுப் பார்க்கிறேன் என்று இன்னும் மெதுவாகச் சொன்னார். கேட்பாரா தெரியாது. கேட்டாலும் கிடைக்குமா தெரியாது. தள்ளுவண்டியில் கிடந்தவனைக் காட்டி, சார், முடியை விட்ட பிறகும் அவரை நான் அடித்தேன், கூடுதலாக அடித்தேன், விசாரித்தால் அப்படித்தான் சொல்வேன் என்றேன். அதைப் பிறகு பேசலாம் என்று வேகமாக வெளியே போனார். அவன் கழுத்தைத் திருப்பவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தான், முதுகு தெரிவித்தது.

நர்ஸம்மா ஒரு நீலப் பேசினில் தண்ணீர் கொண்டு வந்து திரைக்குப் பின்னால் தரையில் வைத்தாள், முழங்கையை விட்டுச் சூடு பார்த்தாள். பெயர் தெரியாத அந்தப் பெண் முழங்கையை விட்டுப் பார்த்தது ஏனோ எனக்கு அழுகையைக் கொண்டுவந்தது. தங்கபுஷ்பம் அக்கா திரையின் இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றாள், யாரோ அமைச்சருக்குக் காவல் நிற்பது போல. மெதுவாக இறங்கினேன். முதலில் சுருக்கென்றது. பிறகு ஒன்றுமில்லை. பிறகு சூடு, வெறும் சூடு, அது உள்ளே ஏற ஏற முஷ்டியின் சுண்டுவிரல் முதலில் விட்டது, பிறகு அடுத்த விரல், நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன், மறுபடி இறுக்கிவிடுமோ என்று, இறுக்கவில்லை, ஒவ்வொன்றாகப் பிரிந்து கடைசியில் கை முழுக்க மலர்ந்து தண்ணீரில் மிதந்தது. எத்தனை மாதமாக என் பற்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன என்பது அவை விலகின பிறகுதான் தெரிந்தது. தோள் இறங்கியது. இரண்டு தொடையிலும் பாரத்தைப் போட்டு, நேராக, எல்லா மனுசரையும் போல உட்கார்ந்திருக்கிறேன். கண்ணிலிருந்து தண்ணீர் தானாக வழிந்து பேசினில் சொட்டுகிறது. வெளியே யாரோ கட்டிலை இழுத்தார்கள், யாரோ முனகினார்கள், எதுவும் என்னை வந்து குத்தவில்லை. செல்வினிடம் இன்றைக்கே சொல்ல வேண்டும். முதலில் சுவரைப் பற்றி, பிறகு இதைப் பற்றி. ஷைனியிடம் என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டும், பொய் சொல்லாமல்.

தங்கபுஷ்பம் அக்கா திரும்பாமலே கேட்டாள், சுகமாக இருக்கிறதா என்று. இருக்கிறது அக்கா என்றேன். திரையைப் பிடித்திருந்த அவளுடைய விரல்கள் துணியை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தன.

"ஒனக்கு முடிஞ்சதும் டாக்டரம்மாவ அனுப்பிராதட்டி. எனக்கும் ஒண்ணு காட்டணும்."

நான் பேசினின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து உடுப்பை மாட்டினேன், அவள் பிடித்திருந்த திரையை என் கையில் வாங்கிக்கொண்டேன்.